முப்பத்தொன்றாம் கட்டில்

செங்கல்வராயன் வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கார்வேட்டிநகரத்தில் பஸ் ஏறினார். புத்தூரில் மாறி, பத்து மணிக்கெல்லாம் திருப்பதி வந்துவிடுவது வழக்கம். நேராக, திருமலைப் படிகள் தொடங்கும் அலிபிரிக்குப் போவார். முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மேலே ஏறாமல் திரும்பிவிடுவார். முட்டி ஒத்துழைக்காது. "எல்லாப் படியும் அவருதுதான, ஒண்ணத் தொட்டா போதும்" என்பார். பிறகு மகள் ரோஹிணியின் அறைக்குப் பகல் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து நிற்பார்.

அன்று வரவில்லை.

இரண்டாயிரத்துப் பதினொன்று, அக்டோபர். ஜில்லா முழுக்கக் காய்ச்சல். ஒரு மணிக்கு ரோஹிணி ஊருக்குப் போன் செய்தாள். அம்மா கிருஷ்ணம்மா எடுத்தாள்.

"நைனா கெளம்பிச்சா இல்லியா?"

"காலையிலயே கெளம்பிச்சே. ஒடம்பு நெருப்பா சுடுது, நாளைக்குப் போலாம்னேன். எங்க கேக்குது? புதுக் கடல வேவச்சிக் குடுக்கணும்னு பையத் தூக்கிக்கினு ஓடிச்சு."

"போன எடுத்துக்கினு போலியா?"

"போனு எங்கிட்ட கீது. நீ ஒண்டியா இருப்பன்னு வச்சிட்டுப் போச்சு. எனக்கு இன்னா தெரியும் இதுல? பச்ச பட்டன அமுக்குவேன். அவ்ளோதான்."

ரோஹிணிக்கு அப்போது இருபத்தேழு வயது. ரயில் நிலையத்துக்குப் பின்னால், பவன்குமார் என்பவரின் மூன்று அறை ஆபீஸில் புரோகிராமர். லாட்ஜ்களுக்கும் டிராவல்ஸ்காரர்களுக்கும் வெப்சைட் செய்து கொடுப்பார்கள். ஒரே ஒரு ஆஸ்பத்திரியும் அவர்களிடம் இருந்தது. ஒரு தர்ம டிரஸ்ட் நடத்தியது. அந்த ஆஸ்பத்திரிக்காக ரோஹிணி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். உள்ளே சேர்ந்திருப்பவர்களின் பெயர், வார்டு, கட்டில் எண். வெளியூர் உறவுக்காரர்கள் கவுண்டரில் முட்டி மோத வேண்டாம், எந்த நெட் சென்டரிலும் பார்த்துக்கொள்ளலாம். பிஎச்பி என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவளே எழுதியது.

செங்கல்வராயன் அதைப் பார்த்திருக்கிறார். ஆறு மாதம் முன்பு ஆபீஸுக்கு வந்தபோது, விசிட்டர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, திரையைத் தொடாமல் விரலை நீட்டிக் கேட்டார்.

"இத்தப் பாத்தா ஆரு எந்தக் கட்டில்ல கெடக்கறாங்கன்னு தெரிஞ்சிடுமா?"

"தெரிஞ்சிடும் நைனா."

"ஊர்ல இருந்துக்கினேவா?"

"அமெரிக்காவுல இருந்து பாத்தாலும் தெரியும்."

"நீ எழுதனதா?"

"நான் எழுதனது."

திரும்பும்போது பஸ் கண்டக்டரிடமே சொல்லிவிட்டாராம். ஊரில் அவர் சொல்லாத ஆள் கிடையாது.

வியாழக்கிழமை இருட்டுவதற்குள் அலிபிரிக்குப் போய் விசாரித்தாள். தேங்காய் கற்பூரம் விற்கிறவள் தலையாட்டினாள். பதினொரு மணி இருக்கும், ஒரு பெரியவர் படிக்குப் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தார், யாரோ ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள், பை நிறைய வேர்க்கடலை சிந்திக் கிடந்தது.

"எந்த ஆஸ்பத்திரிக்கு?"

"அது எவனுக்கும்மா தெரியும்? இந்த ஊர்ல ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்?"

ஆபீஸுக்கு ஓடி வந்தாள். முதலில் திறந்தது தன் பக்கத்தைத்தான்.

செங்கல்வராயன் என்று தேடினாள். இல்லை.

அந்தப் பெயர் அவருக்கு வீட்டில் மட்டும்தான். கார்வேட்டிநகரத்துக்கு அந்தப் பக்கம், சேரிக்கு ஒதுக்கிய கரம்பில் பிறந்தவர். நிலம் கிடையாது, அடுத்தவன் நிலத்தில் கூலி. பள்ளிக்கூடம் தெலுங்குப் பள்ளிக்கூடம். வாத்தியார் தமிழ்ப் பெயரை வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டு, செங்கல்ராயுடு என்று ரெஜிஸ்டரில் எழுதினார். இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அந்தப் பெயர் மட்டும் நிலைத்து நின்றுவிட்டது.

செங்கல்ராயுடு என்று தேடினாள். இல்லை.

எழுபதுகளில் நிலமில்லாதவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் பட்டா கொடுத்தார்கள். எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா, "இண்டி பேரு?" என்று கேட்டான். தெலுங்குக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வர வேண்டும். இவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. செங்கல்வராயன் சொன்னார்: "இல்லே லேது சார், இண்டி பேரு எக்கட?" வீடே இல்லை, வீட்டுப் பெயர் எங்கே என்று. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். குமாஸ்தாவும் சிரித்துவிட்டு, ஊர்ப் பெயரில் பாதியை உடைத்து, 'கார்வேட்டி' என்று முன்னால் போட்டுவிட்டான். அன்றிலிருந்து ரேஷன் கார்டில் அவர் கார்வேட்டி செங்கல்ராயுடு. இந்தக் கதையை அவர் இருநூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

கார்வேட்டி என்று தேடினாள். இல்லை.

ராயப்பா என்று தேடினாள். அது பெங்களூர்ப் பெயர். தொண்ணூற்று நாலில் கிணறு வற்றி, போர் போட்டும் புகைதான் வந்தது. ஊரில் பாதி ஆம்பிளைகள் பெங்களூருக்கு ரயிலேறினார்கள். அங்கே புதுசு புதுசாகக் கண்ணாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. மேஸ்திரி ராயப்பா என்று கூப்பிட்டான், அவரும் திரும்பிப் பார்த்தார். பத்து வருஷம் கான்கிரீட் போட்டார், கிரானைட் பலகை சுமந்தார். முதுகு போனதும், அவர் நின்ற சாரத்தில் மறுநாளே வேறொரு ஆள் நின்றான். வருஷத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு வருவார். வந்தால் ஒரே பேச்சு. "நாங்க போட்ட தர மேல கண்ணாடி ரூமு. ஏசி. ஒரு பொட்டிய வச்சிக்கினு சின்னச் சின்னப் பொண்ணுங்க உக்காந்துக்கினு கீறாங்கோ. ஒரு தூசி இல்ல மேல. நீ அங்க உக்காரணும்." ரோஹிணி சித்தூரில் எம்.சி.ஏ. படித்தது அந்த ஒரு வாக்கியத்தால்தான். பெங்களூருக்கு அவள் போகவில்லை. அம்மா அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று திருப்பதியிலேயே தங்கிவிட்டாள்.

ராயப்பாவும் இல்லை.

எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டாள். ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதம். பிறகு பெயரே இல்லாமல், காய்ச்சல் வார்டு முழுவதையும் வரிசையாகப் படித்தாள். முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. முப்பத்தொன்றில் கோவர்த்தனன் என்று இருந்தது.

பவன்குமார் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏமம்மா, நம்ம சைட்டுதானே. அங்க இருந்தா காட்டாதா? மத்த ஆஸ்பத்திரிங்களப் பாரு. அவங்களுக்குதான் சைட்டு இல்ல."

அது நியாயமாகப் பட்டது. வியாழன் மாலையும் வெள்ளி முழுவதும் ரோஹிணி மற்ற ஆஸ்பத்திரிகளில் வார்டு வார்டாக நடந்தாள். போர்வை மூடிய முகங்களைக்கூட விலக்கிப் பார்த்தாள். போலீஸ் ஸ்டேஷனில் அடையாளம் கேட்டார்கள். இடது கை ஆள்காட்டி விரலில் நகம் இல்லை, கிரானைட் விழுந்தது என்று எழுதிக் கொடுத்தாள். ஒரு கடலைக்காரன், உன் அப்பா மாதிரி ஒருத்தர் பாகாலாவுக்கு ரயில் கேட்டார் என்றான். பாகாலாவுக்கு ஓடினாள். ஜங்ஷன் பிளாட்பாரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அதே வெள்ளைச் சட்டை, அதே கூன். "நைனா" என்று தோளைத் தொட்டாள். திரும்பிய முகம் வேறு. அந்தப் பெரியவர், "இன்னாம்மா" என்றார். அந்தக் குரலுக்கே அவள் அங்கே உட்கார்ந்து அழுதாள்.

அந்த இரண்டு நாளில் டிரஸ்ட் ஆஸ்பத்திரியின் வாசலை ஆட்டோவில் நான்கு தடவை கடந்தாள். இறங்கவில்லை. இறங்க வேண்டிய அவசியம் இல்லை. மணிக்கொரு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

சனிக்கிழமை காலை கிருஷ்ணம்மா பஸ்ஸேறி வந்துவிட்டாள். ஆபீஸில் மகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. திரையில் ஓடும் எண்களையே பார்த்தாள். படிக்கத் தெரியாது, எண் மட்டும் தெரியும்.

"இது இன்னா?"

"கட்டில் நெம்பரு. பக்கத்துல இருக்கறது அதுல படுத்துக்கினு இருக்கறவங்க பேரு."

"ஒரு கட்டிலுக்கு ஒரு பேருதானா?"

"ஆமா."

"பெரிய பணக்கார ஆஸ்பத்திரியா கீதே" என்றாள் கிருஷ்ணம்மா. "நீ பொறக்க சொல்ல எங்கள ரெண்டு பேர ஒரே கட்டில்ல போட்டாங்கோ. அவ தல இந்தப் பக்கம், என் தல அந்தப் பக்கம். உன்ன எங்க வைக்கறதுன்னு தெரியாம வயித்து மேலயே வச்சிக்கினு கெடந்தேன்."

ரோஹிணியின் கை மவுஸில் அப்படியே நின்றது.

மூன்று வாரம் முன்பு பவன்குமார் கூப்பிட்டிருந்தார். "அம்மா, ஒரே பெட் ரெண்டு தடவ வருது. டூப்ளிகேட். பாக்க அசிங்கமா இருக்குன்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க. எடுத்துடு." ஆஸ்பத்திரியிலிருந்து நாளுக்கு மூன்று பட்டியல் வரும். அவற்றை அவள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். பிஎச்பியில் அதற்கு அர்ரே மெர்ஜ் என்று ஒன்று உண்டு. வந்ததை எல்லாம் வால் பிடித்தாற்போல் அடுக்கிக்கொண்டே போகும், அதனால் ஒரு கட்டில் எண் இரண்டு மூன்று தடவை வந்தது. அவள் கட்டில் எண்ணை அடையாளமாக வைத்து, மெர்ஜை எடுத்துவிட்டு ரீப்ளேஸ் என்று போட்டாள். அடையாளம் ஒன்றாக இருந்தால், பின்னால் வந்த பெயர் முன்னால் இருந்த பெயரின் இடத்தில் உட்காரும். முன்னது போய்விடும். எங்கே போனது என்று கேட்காது, எச்சரிக்கை காட்டாது. மாற்றியது ஒரே ஒரு சொல். இரண்டு நிமிஷ வேலை. சோதித்துப் பார்த்தாள். பட்டியல் சுத்தமாக வந்தது. பவன்குமார், "சூப்பரம்மா" என்றார்.

இப்போது பக்கத்தை மூடிவிட்டு, ஆஸ்பத்திரி அனுப்பிய மூலப் பட்டியலைத் திறந்தாள். வியாழக்கிழமை மதியம்.

31, கார்வேட்டி செங்கல்ராயுடு, 59, ஆண், காய்ச்சல்.

ரேஷன் கார்டில் இருக்கிற அதே பெயர். ஒரு எழுத்து பிசகவில்லை. இரண்டு வரிக்குக் கீழே:

31, கோவர்த்தனன், 38, ஆண், காய்ச்சல்.

வெள்ளிக்கிழமைப் பட்டியலிலும் அப்படியே. சனிக்கிழமைக் காலையிலும் அப்படியே. மூன்று நாளாக அவர் பெயர் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. மூன்று நாளாக அவள் எழுதிய ஒரு சொல் அதை ஒழுங்காக அழித்துக்கொண்டிருந்தது.

"ம்மா, வா" என்றாள். ஆட்டோவுக்கு ஓடினாள்.

காய்ச்சல் வார்டில் கால் வைக்க இடம் இல்லை. முப்பத்தொன்றாம் கட்டில் சுவர் ஓரத்தில் இருந்தது. கட்டிலில் கோவர்த்தனன், நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், தரையில் பாயில் செங்கல்வராயன். ஒரே கம்பியில் இரண்டு குளுக்கோஸ் பாட்டில் தொங்கின. அவர் முகம் வீங்கியிருந்தது. கையெல்லாம் சிவப்புப் புள்ளிகள்.

மல்லிகா என்ற நர்ஸ் ஓடி வந்தாள். "நீங்கதான் பொண்ணா? எங்கம்மா போனீங்க மூணு நாளா? பிளேட்லெட் எறங்கிக்கினே போகுது. ரத்தம் வாங்கியாற ஆள் இல்ல, கையெழுத்துப் போட ஆள் இல்ல. போன் நெம்பர் சொல்லுங்க பெரியவரேன்னு கேட்டா, நெம்பரு மனசுல இல்ல, போனுல இருந்துச்சுன்றாரு. சரி, பொண்ணு எந்த ஆபீஸுன்னு கேட்டா, கம்ப்யூட்டர் ஆபீஸுன்றாரு. இந்த ஊர்ல நூறு கம்ப்யூட்டர் ஆபீஸு. நீ ஒண்ணும் தேடாதம்மா, என் பேரு லிஸ்ட்ல வந்துடும், அது பாத்துக்கும்னு ஒரே பிடிவாதம்."

கோவர்த்தனன் கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்தான். "நான் மேல படுக்க மாட்டேன்னுதான் சொன்னேம்மா. கேக்கல. உனுக்கு வாந்தி வருது, நீ மேல படு, நான் தரையிலயே வளந்தவன்னு எறங்கிட்டாரு. பொண்ணு வரும், பொண்ணு வரும்னு சொல்லிக்கினே இருந்தாரு. நான்கூட கிண்டல் பண்ணேன். இன்னா பெரியவரே, உங்க பொண்ணு கம்ப்யூட்டருக்குக் கரண்டு போயிடுச்சான்னு."

ரோஹிணி பாயில் மண்டி போட்டாள். அவர் கண்ணைத் திறந்தார். கொஞ்ச நேரம் ஆயிற்று அவளைக் கண்டுபிடிக்க.

"வந்துட்டியாம்மா."

"வந்துட்டேன் நைனா."

"லிஸ்ட்ல வந்துச்சா?"

கிருஷ்ணம்மா மகளைப் பார்த்தாள். வழியெல்லாம் ஆட்டோவில் ரோஹிணி தலையில் அடித்துக்கொண்டு சொன்னது அவளுக்கு முழுக்கப் புரியவில்லை. மகள் எழுதியதில்தான் ஏதோ தப்பு என்பது மட்டும் புரிந்திருந்தது.

"வந்துச்சு நைனா."

"எப்ப?"

"மொத நாளே வந்துச்சு."

செங்கல்வராயன் மெல்லத் தலையைத் திருப்பிக் கட்டிலைப் பார்த்தார். "பாத்தியா கோவர்த்தனா? சொன்னனா இல்லியா?" குரலே இல்லை, காற்றுதான் வந்தது. ஆனால் அதில் ஒரு சிரிப்பு இருந்தது.

"சொன்னீங்க பெரியவரே" என்றான் கோவர்த்தனன்.

பிறகு தலையைத் திரும்ப மகள் பக்கம் கொண்டுவந்தார்.

"மொத நாளேவா?"

ரோஹிணி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நகமில்லாத விரல் அவள் உள்ளங்கையில் இருந்தது.

"ஆபீஸ்ல வேல நைனா. லீவு குடுக்கல."

கிருஷ்ணம்மா வாயைத் திறந்தாள். மகள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

"வேலன்னா இருக்கும்" என்றார் செங்கல்வராயன். மூச்சு வாங்கியது, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "எங்க அம்மா செத்தப்ப பெங்களூர்ல தளம் போட்டுக்கினு இருந்தோம். பாதியில உட்டா வெடிச்சிடும் இல்ல? போட்டு முடிச்சிட்டுத்தான் வந்தேன். நீ அழுவாத."

அதன் பிறகு அவள் ரத்தத்துக்கு ஓடினாள். பவன்குமார் வந்தார், ஆபீஸ் பையன்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்தார். பிளேட்லெட் வந்தபோது மணி நான்கு. டாக்டர் ஏற்றச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாமா என்று கேட்டதற்கு, "நேத்து கேட்டிருந்தா போங்கன்னு சொல்லியிருப்பேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு அன்று எழுபது நோயாளிகள்.

பாட்டில் சொட்டிக்கொண்டிருந்தபோது, அம்மாவை உட்கார வைத்துவிட்டு, ரோஹிணி ஆஸ்பத்திரி ஆபீஸ் அறைக்குப் போனாள். அங்கிருந்த கம்ப்யூட்டரில் அன்றைய பட்டியலை எடுத்துத் தன் பக்கத்தோடு வைத்துச் சரிபார்த்தாள். பட்டியலில் பெயர் இருந்தும் பக்கத்தில் இல்லாதவர்கள் பதிமூன்று பேர். பதிமூன்று பெயரையும் வாய்விட்டுப் படித்தாள். அவர்களையும் யாராவது பாகாலாவில் தேடிக்கொண்டிருக்கலாம்.

திருத்த ஆறு நிமிஷம் ஆயிற்று. ஒரு கட்டில் எண்ணுக்கு ஒரு பெயர் என்பதை எடுத்துவிட்டாள். ஒரு எண்ணுக்கு உள்ளே எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம், வருகிறவர் கீழே சேர்வார், இருக்கிறவர் இருப்பார், ஆஸ்பத்திரி தன் பட்டியலிலிருந்து எடுத்தவர் மட்டும் போவார். பக்கத்தைத் திறந்தாள். முப்பத்தொன்று: கார்வேட்டி செங்கல்ராயுடு, கோவர்த்தனன்.

பட்டியல் தட்டச்சு செய்கிற குமாஸ்தா எட்டிப் பார்த்தார். "ஏம்மா, மறுபடியும் டூப்ளிகேட் வருதே."

"டூப்ளிகேட் இல்ல சார். ரெண்டு ஆளு."

"பாக்க நல்லா இல்லியேம்மா."

"இல்லதான் சார்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை செங்கல்வராயனுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு தடவை, "கடல துன்னியா?" என்று கேட்டார். அலிபிரியில் சிந்திப்போனது அவருக்குத் தெரியாது. துன்னேன் நைனா என்றாள். பன்னிரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு மல்லிகா டாக்டரைக் கூட்டி வந்தாள். டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோவர்த்தனன் கட்டிலிலிருந்து இறங்கி நின்றான். "இப்பவாவது மேல படுக்க வைங்கம்மா" என்றான். படுக்க வைத்தார்கள். கிருஷ்ணம்மா கால்மாட்டில் தலையை வைத்துக்கொண்டாள்.

வண்டி வரத் தாமதமாகும் என்றார்கள். கையெழுத்துப் போட ரோஹிணி ஆபீஸ் அறைக்குப் போனாள். மதியப் பட்டியல் அப்போதுதான் ஏறியிருந்தது. திரை அவள் பக்கமாகவே திரும்பியிருந்தது.

முப்பத்தொன்று: கோவர்த்தனன்.

அவள் ரெஃப்ரெஷ் பட்டனை அழுத்தினாள். பக்கம் ஒரு கணம் வெள்ளையாகி, திரும்ப வந்தது. முப்பத்தொன்று: கோவர்த்தனன். இன்னொரு தடவை அழுத்தினாள்.

இந்தத் தடவை எந்தத் தப்பும் இல்லை.